ஒகேனக்கல்லில் வெள்ளம் வரும்போது முதலில் யாரைக் கவனிக்க வேண்டும்?

பென்னாகரம் மெஸ்காரர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம், நம் மாவட்டத்துக்காரர்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு மெஸ் வைத்திருக்கிறேன். சனி ஞாயிறு வருகிற பெங்களூர், சேலம், கோயம்புத்தூர் வண்டிகளை நம்பித்தான் கடை ஓடுகிறது. அதனால் சுற்றுலாவே வேண்டாம் என்கிற ஆள் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஆடி பிறந்தால் நாங்கள் காலையில் காபி குடிக்கும் முன்னாலேயே விசாரிப்பது, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் தண்ணீர் எத்தனை ஆயிரம் கன அடி என்றுதான். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டார்கள் என்றால் இங்கே அறிவிப்பு வந்துவிடும், அருவியில் குளிக்கத் தடை, பரிசல் ஓட்டத் தடை. அது சரிதான், உயிர் போனால் வராது.

2024 ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடி நிரம்பியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் இங்கே ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலே தண்ணீர் வந்தது. மெயின் அருவி எது, ஐந்தருவி எது என்று அடையாளமே இல்லை, பாறையெல்லாம் மூழ்கி செம்மண் நிறத்தில் ஒரே வெள்ளம். கரையோரத்து வீடுகளில் இருந்தவர்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த மண்டபத்துக்கு நான் இரண்டு குண்டான் தக்காளி சாதம் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு பாட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, நனைந்துபோன ரேஷன் கார்டை மடியில் விரித்து முந்தானையால் ஒற்றி ஒற்றிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து அதற்குள்ளே ஒரு கோழி. சாப்பாட்டை நீட்டினேன், கார்டைக் கீழே வைக்காமல் இடது கையால் வாங்கிக்கொண்டு, "தப்பா நினைக்காதப்பா, இதை விட்டா எனக்கு ஒண்ணுமில்லை" என்றார். அத்தனை பேருக்கும் இருந்தது இரண்டே கழிப்பறை. கைக்குழந்தைக்காரிகள் சுவர் ஓரமாகப் புடவையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லாட்ஜ். தடை போட்டதால் ஒரு ஆள் கிடையாது, அறை எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. நான் போய், கைக்குழந்தைக்காரிகளுக்கும் வயசானவர்களுக்கும் மட்டும் நாலு அறை இரண்டு ராத்திரிக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். ஆடி பதினெட்டுக்கு புக்கிங் இருக்கிறது, தடையை எந்த நேரமும் எடுத்துவிடுவார்கள், அறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கெட்ட மனிதர்கள் கிடையாது, தெரிந்தவர்கள்தான். ஆனால் பதில் அப்படித்தான் வந்தது.

ரோட்டில் இன்னொரு கதை. மடம் என்கிற ஊரில் இருக்கிற செக்போஸ்ட்டில் வண்டிகளைத் திருப்பி அனுப்பியும், வெள்ளத்தைப் பார்த்துவிட்டே போவது என்று வந்தவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். காய்ச்சலில் கண்ணைத் திறக்காத குழந்தையோடு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குப் போக வந்த ஆட்டோ அந்த நெரிசலில் முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. நானும் இன்னும் நாலு பேரும் இறங்கி ஒவ்வொரு காராக ஒதுக்கச் சொல்லித்தான் வழி விட்டோம். அந்த வாரம் முழுக்க என் போனுக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி, "அண்ணே, எப்ப திறப்பாங்க?" கேட்டவர்கள் மேல் தப்பு சொல்லவில்லை. மண்டபத்தில் ஆட்கள் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை, அதுதான் என் ஆதங்கம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு இடர் வந்தால், எப்போது திறப்பது என்று பார்ப்பதா முதல் வேலை, ஊர்க்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதா? இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி இருக்கிறதா? வேறு ஊர்களில் எப்படிச் செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரிசல் வீட்டுப் பெண்:

அண்ணா, நீங்கள் எழுதியது எங்கள் வீட்டுக் கதை. அப்பா முப்பது வருஷமாகப் பரிசல் போடுகிறார். மூங்கிலைப் பிளந்து பின்னி, அடியில் ஷீட் போட்டு, தார் காய்ச்சிப் பூசி, அதைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கோத்திக்கல் பாறைக்கு இறங்குவார். தடை என்றால் அந்தப் பரிசல் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். அன்றைக்கு வருமானம் கிடையாது. பத்து நாள் தடை என்றால் பத்து நாளும் கிடையாது. 2020 கொரோனாவில் மாதக்கணக்கில் அப்படியே நின்றது, தார் எல்லாம் வெடித்துவிட்டது, திரும்ப ஓட்டுவதற்கே கடன் வாங்கித்தான் சரிசெய்தார்.

இங்கே சுற்றுலா என்றாலே எல்லோரும் லாட்ஜையும் ரிசார்ட்டையும்தான் நினைக்கிறார்கள். எங்கள் அப்பாவும் சுற்றுலாதான். எண்ணெய் தேய்த்துவிடுகிற மாமாக்களும் சுற்றுலாதான், மீன் வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவி வறுத்துத் தருகிற அக்காக்களும் சுற்றுலாதான். வெள்ளத்தில் வீடு விட்டு மண்டபத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் இவர்கள். அதனால் ஊர் மக்கள் தனி, சுற்றுலா தனி என்று பிரித்துப் பேசினால் எனக்கு ஒட்டவில்லை. தண்ணீர் ஏறும்போது வீடு போகிறவரும் வேலை போகிறவரும் ஒரே ஆள்தான் அண்ணா.

கடலில் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதற்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. ஆற்றில் தடை போட்டால் எங்கள் வீட்டுக்கு இதுவரை ஒரு ரூபாய் வந்ததில்லை. தடை வேண்டாம் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, சுழலில் பரிசல் மாட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா. தடை போடுகிற அன்றைக்கே அரிசிக்கும் வழி சொல்லுங்கள் என்பதுதான் அவர் பேச்சு.

தருமபுரி டிராவல்ஸ்:

மெஸ்கார அண்ணாச்சி, உங்கள் மேல் மரியாதை வைத்தே மாற்றுக் கருத்து சொல்கிறேன். நான் இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறேன், இரண்டுக்கும் மாதத் தவணை இருக்கிறது. வெள்ளம் நாலு நாளில் வடிந்துவிடுகிறது. ஆனால் டிவியில் காட்டின வெள்ளம் ஜனங்கள் மனதிலிருந்து ஒரு மாதத்துக்கு வடிவதில்லை. தடையை எடுத்த பிறகும், "இன்னும் தண்ணி அதிகமாமே" என்று ஒவ்வொரு பார்ட்டியாக ரத்து செய்வார்கள். ஊர்க்காரர் தேவை என்று சொல்லி யாரும் வராதீர்கள் என்று ஒரு தடவை பரவிவிட்டால், அதை அழிக்க நாம் படாத பாடு பட வேண்டும்.

வயநாட்டில் பார்த்தேன். மேட்டூர் நிரம்பின அதே ஜூலை 30 அதிகாலையில்தான் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு. 250 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நிலச்சரிவு நடந்தது மாவட்டத்தின் ஒரு மூலையில். ஆனால் மாவட்டம் முழுக்க ஆள் போவது நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் கல்பற்றா பக்கம் ஒரு சவாரி போனபோது டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பத்திரமாக இருக்கிறது என்று உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள் என்றார். இடர் முடிந்த ஊருக்கு ஜனங்கள் வருவதும் ஒரு உதவிதான். லாட்ஜ்காரர் அறை தராததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் யார் வாடகை கொடுப்பார்கள், ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லையே. மனிதாபிமானம் என்று அவர் தலையில் மட்டும் வைத்தால் எப்படி?

ஊத்தங்கரை டீச்சர்:

டிராவல்ஸ் தம்பி சொன்ன வயநாட்டிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிலச்சரிவு நடந்த அந்த நாட்களில் வேடிக்கை பார்க்க யாரும் வராதீர்கள், மீட்பு வேலைக்கு இடைஞ்சல் என்று கேரள போலீஸே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. பாலம் அடித்துப் போய், ராணுவம் ராத்திரி பகலாக 190 அடிக்கு இரும்புப் பாலம் போட்டுத்தான் அக்கரைக்கு எந்திரங்களைக் கொண்டுபோனார்கள். அந்தக் குறுகின மலை ரோட்டில் ஒரு கார் குறுக்கே நின்றாலும் ஆம்புலன்ஸ் நின்றுவிடும். அதனால் வா என்பதற்கும் வராதே என்பதற்கும் நேரம் இருக்கிறது. முதல் வாரத்துக்கு வராதே, இரண்டாம் மாதத்துக்கு வா. இதைத் தெளிவாகச் சொல்கிற ஆள் வேண்டும், அதுதான் இல்லை.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு வயநாட்டில் பெய்த மழை அந்தப் பக்கம் சாலியாற்றில் இறங்கி உயிர்களை இழுத்துப்போனது, இந்தப் பக்கம் கபினியில் இறங்கி நமக்கு வந்தது. நம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டினேன். ஒகேனக்கல்லில் நாம் பார்த்த தண்ணீரில் ஒரு பங்கு அந்த மலைகளின் மழை.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். ஊத்தங்கரையில் அருவி இல்லை, ரிசார்ட் இல்லை. 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழை ஆரம்பித்தது, மறுநாள் காலைக்குள் 50 சென்டிமீட்டர். பக்கத்தில் அரூரில் 33. கடலோரத்தில் அடிக்க வேண்டிய மழை, புயல் கரையைக் கடந்த மறுநாள், கடலே பார்க்காத எங்கள் தலையில் கொட்டியது. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, நிறுத்தியிருந்த வேனையும் காரையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போன வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாடு முழுக்க அதைத்தான் பார்த்தது. அதே ராத்திரி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் சர்க்கரை நோயாளி ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இன்சுலின் ஊசிகளைப் பால் தூக்குக்குள் போட்டு அவர் மனைவி தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார். அதை எடுக்க அங்கே கேமரா இல்லை. வெளியூர்க்காரர் வந்து போகிற ஊர் என்றால் ரோடு எப்படி, கரண்ட் எப்படி என்று ஆயிரம் பேர் கேட்பார்கள், அதிகாரிகளும் அதற்குப் பதில் சொல்ல ஓடுவார்கள். யாரும் பயணம் வராத ஊருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. ஒகேனக்கல்லைப் பற்றிப் பேசும்போது எங்கள் மாதிரி ஊர்களையும் மறக்காதீர்கள் என்பதற்காகத்தான் எழுதினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல் என்றால் அருவி. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் அது குடிதண்ணீர். ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை விழுந்த தலைமுறை நாங்கள். 2013-ல் ஜப்பான் கடனுதவியில் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் சிரிக்கும்போது வாயைப் பொத்தாமல் சிரிக்கிறார்கள். அந்த ஆற்றைப் பற்றி முடிவு எடுக்கிறபோது முதலில் யாரைக் கேட்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாந்தோப்பு:

கிருஷ்ணகிரிக்காரன்தான், வேலைக்காக இப்போது அமெரிக்காவில் இருக்கிறேன். வேறு ஊரில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டீர்களே, ஹவாயில் மாவி தீவைப் பற்றிச் சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா என்கிற ஊர் எரிந்து சாம்பலானது. 100 பேர் அளவில் இறந்தார்கள். சுற்றுலாவை நம்பியே வாழ்கிற தீவு அது. முதலில் சுற்றுலாப் பயணிகளைத் திருப்பி அனுப்பினார்கள், வீடு இழந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பக்கத்திலிருந்த ஹோட்டல் அறைகளிலேயே தங்கவைத்தார்கள். வாடகையை அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் ஏற்றுக்கொண்டன. டிராவல்ஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன், லாட்ஜ்காரர் தருமம் செய்யவேண்டாம், பணம் கொடுத்து அறையை எடுக்க முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இருந்தால் போதும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சரியாக இரண்டு மாதத்தில், அக்டோபர் 8-லிருந்து, அந்தப் பகுதியைத் திரும்பவும் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். நாங்கள் இன்னும் பிணத்தைக்கூட அடக்கம் செய்யவில்லை, அதற்குள்ளேயா என்று ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். வேலைக்குப் போகவேண்டியவர்கள், திறக்கட்டும், வயிறு இருக்கிறதே என்றார்கள். இரண்டு பேரும் லஹைனாக்காரர்கள்தான். ஹோட்டலில் வரவேற்பறையில் நிற்கிற பெண்ணிடம் வந்தவர்கள் எல்லாம், உன் வீடும் எரிந்ததா என்று கேட்பார்களாம். சம்பளத்துக்காகச் சிரித்துக்கொண்டே ஒரு நாளைக்கு அத்தனை தடவை அந்தப் பதிலைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நிரந்தரமாகத் தங்க வீடு கிடைக்காதவர்கள், ஹோட்டல்களுக்கு முன்னாலிருக்கிற கடற்கரை மணலில் தூண்டில் குச்சிகளை வரிசையாக ஊன்றிக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடற்கரையில் மீன் பிடிப்பது அங்கே மக்களுக்குள்ள உரிமை, எழுப்பிவிட முடியாது. தூண்டில் போட்டபடியே வீடு கேட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில், தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். மீனவர் குடிசைக்குத் தடை, ஹோட்டல்களுக்கு விலக்கு. பிறகு எதிர்ப்பு வந்து அளவைக் குறைத்தார்கள். வலையும் படகும் கரையில் இருக்க, மீனவன் மட்டும் உள்ளே போய் எப்படிப் பிழைப்பான்? பாதுகாப்பு என்று சொல்லி ஆற்றங்கரை ஆட்களை எழுப்பினால், காலியான இடத்தில் நாளைக்கு யார் கட்டுகிறார்கள் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி டிராவல்ஸ்:

மாந்தோப்பு தம்பி சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. பணம் கொடுத்து அறை எடுக்கிற ஏற்பாடு என்றால் நான் லாட்ஜ்காரர்களிடம் பேசுகிறேன், நாலைந்து பேர் பழக்கம் உண்டு. வெள்ள நாட்களில் என் இரண்டு வேனும் சும்மாதான் நிற்கும், டீசல் மட்டும் போட்டால் ஆட்களை மேட்டுக்கு ஏற்ற, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓட்டிவிடுகிறேன். இதை முன்னாலேயே யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கும் ஓட்டியிருப்பேன்.

பென்னாகரம் மெஸ்காரர்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அக்கா சொன்ன இன்சுலின் ஊசி கதையைப் படித்துவிட்டு என் மனைவியிடம் காட்டினேன், அவளுக்கும் சர்க்கரை இருக்கிறது, கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தங்கச்சி சொன்னது என் கேள்வியையே மாற்றிவிட்டது. வெளியூர்க்காரர் ஒரு பக்கம், ஊர்க்காரர் ஒரு பக்கம் என்று தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். என் கடையில் இலை எடுக்கிற பெண்ணும் அன்றைக்கு மண்டபத்தில்தான் இருந்தாள், அது எனக்கு உறைக்கவே இல்லை. நானும் கடையை மூடிவிட்டு அவளுக்கு அந்த வாரச் சம்பளம் தராமல்தான் இருந்தேன். இந்த மாதம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். தடை போடுகிற நாட்களுக்குப் பரிசல்காரர் குடும்பத்துக்குக் கடல் மீனவர்களுக்குத் தருவது போல நிவாரணம். கலெக்டர் சொன்ன அன்றைக்கே லாட்ஜ் அறைகளை வாடகை கொடுத்து எடுத்து, கைக்குழந்தைக்காரிகளையும் முடியாதவர்களையும் தங்கவைக்க முன்கூட்டியே ஒப்பந்தம். வேடிக்கை பார்க்க வருகிற வண்டிகளை மடத்தில் நிறுத்தாமல் பென்னாகரத்திலேயே நிறுத்துவது, அங்கிருந்து இந்தப் பக்கம் ஆம்புலன்ஸுக்கும் ஊர் பஸ்ஸுக்கும் மட்டும் வழி. அப்புறம், தண்ணீர் குறைந்ததும் வரலாம் என்று அதே வேகத்தில் அறிவிப்பது, இது டிராவல்ஸ் தம்பிக்காகச் சேர்த்தது, நியாயமான கோரிக்கைதான். மண்டபத்துக்குக் கூடுதல் கழிப்பறையும் எழுதியிருக்கிறேன்.

ஊத்தங்கரை டீச்சர்:

மனுவை நான் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தருகிறேன் தம்பி. எங்கள் பக்கமும் கிருஷ்ணகிரியில் இதே மாதிரி ஒன்று கொடுக்கிறோம், சுற்றுலா பற்றி எழுதினதை மட்டும் எடுத்துவிட்டு.

பரிசல் வீட்டுப் பெண்:

அண்ணா, அப்பா திங்கட்கிழமை வருகிறேன் என்கிறார், கூட வர இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். மனுவில் பரிசல்காரர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மீன் வறுக்கிற அக்காக்களையும் எண்ணெய் தேய்க்கிறவர்களையும் சேர்த்து எழுதுங்கள், அவர்களுக்குச் சங்கமும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது, விட்டால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறோம், உங்கள் கடையில் இறங்கிக்கொள்கிறோம்.